மூச்சு வாங்குதா? பி.பி-யையும் பாருங்க!

செஞ்சி ராஜகிரிக் கோட்டை சுமார் 800 அடி உயரம். ஏறினால் யாருக்குமே மூச்சு வாங்கும். ஆனால், வரப்பில் நாலு எட்டு வைத்தாலே இரைக்கிறது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால், ‘வீசிங்தான்’ என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

ரத்த அழுத்தம் பல வருடங்களாக 140/90-க்கு மேலேயே இருந்தால், அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே இதயச் சுவர் தடித்து, விறைத்துப்போகும். மடை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் பின்னுக்கு ஏறுகிற மாதிரி, நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் தேங்கி, அங்கே நீர் கோத்துக்கொள்ளும். இன்ஹேலர் இதற்கு மருந்தல்ல.

மாத்திரையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எனலாப்ரில் வகை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். ப்ராப்ரனலால் போன்றவை ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். அதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். விறகடுப்புப் புகையும் பீடியும் நுரையீரல், ரத்தக்குழாய் இரண்டையும் சேர்த்தே கெடுப்பவை.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி பார்த்து, மாத்திரையும் தருகிறார்கள். அவர்களிடம் இந்த இரைப்பையும் மறக்காமல் சொல்லுங்கள். ராத்திரியில் மூச்சுத் திணறினால் மட்டும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 108-க்கு போன் போடுங்கள்.