பழுத்ததை மட்டும் பறித்தால் காப்பிக்குத் தனி விலை

திண்டுக்கல் மாவட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி வட்டாரத்தில், மிளகு, மலைவாழை, ஆரஞ்சு ஆகியவற்றுடன் மர நிழலில் அராபிகா காப்பி வளர்கிறது. சில ஏக்கரே வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கு பல.

முன்பு எல்லோர் சரக்கும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்ந்தே விற்பனையாயிற்று. அம்முறை 1996-ல் முடிந்தது. இப்போது அவரவர் சரக்கின் தரத்துக்கு அவரவரே விலை பேசலாம். ருசி பார்ப்போர் நூற்றுக்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் தரும் காப்பி ‘ஸ்பெஷாலிட்டி’ ரகமாகும். அதற்கு விலை கூடுதல்.

அந்த மதிப்பெண் பறிப்பிலேயே தொடங்குகிறது. ஒரே கிளையில் காய், செங்காய், பழம் மூன்றும் இருக்கும். ஒரே தடவையில் உருவிவிட்டால் கூலி மிச்சம், ருசி போய்விடும். நன்கு சிவந்த பழங்களை மட்டும் மூன்று, நான்கு தடவை பறிக்க வேண்டும். சிறு விவசாயிக்குச் சிரமம் இங்கேதான். கூலி முதலில் போகிறது. விலை பிறகே வருகிறது. வீட்டார் அனைவரும் பறிப்பில் இறங்கினால்தான் கட்டுபடியாகும்.

பழத்தைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பவற்றை நீக்கி, அன்றே பல்ப்பரில் தோல் நீக்க வேண்டும். ஓர் இரவு குவித்து வைத்தாலும் கெட்ட வாடை ஏறும். தொட்டியில் வழவழப்பு நீங்கியதும் தாமதமின்றிக் கழுவி, வலைத்தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஈரப்பதம் 10 சதவீத அளவுக்கு இறங்கும்வரை கிளறி உலர்த்த வேண்டும். பனியிலும் மழையிலும் மூடிவைப்பது அவசியம்.

முதல் ஆண்டில் தோட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும் செய்து, மாதிரியை ருசி பார்க்கக் கொடுத்து, விலை பேசிய பின் விரிவுபடுத்துவதே நலம்.