உங்களுக்குத் தெரியுமா? மலைமேல் மாட்டுக்கு நெஞ்சு வீங்குவது ஏன்?
அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், 2,000 மீட்டருக்கு மேல் மேயும் மாடுகள் சிலவற்றுக்கு முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சு வீங்கித் தொங்கும். அடிபட்ட வீக்கம் அல்ல. தோலுக்கடியில் தேங்கிய நீர். கோளாறு இருப்பது இதயத்தின் வலப்பக்கத்தில்.

மலைமேல் போகப் போக ஆக்சிஜன் குறையும்; அது குறைந்தால் நுரையீரலின் சிறு தமனிகள் சுருங்கும். மாட்டுக்கு அந்தத் தமனிச் சுவர்களில் இயல்பிலேயே தசை அதிகம். வாரக்கணக்கில் சுருங்கியே இருந்தால் அது மேலும் தடித்து, ரத்தம் போகும் வழி குறுகிவிடும். அந்த வழியே ரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் வலது கீழறையோ மெல்லிய சுவர் கொண்டது, குறைந்த அழுத்தத்துக்கே பழகியது. எதிரழுத்தம் ஏற ஏற, முதலில் தசை தடித்து ஈடுகொடுக்கும்; பிறகு விரிந்து தளர்ந்துபோகும். முன்னே தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்க, கழுத்துச் சிரை புடைக்கும், கல்லீரல் வீங்கும், நீர் கசிந்து நெஞ்சில் இறங்கும். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளின் கால் வீக்கத்துக்கும் பல நேரங்களில் இதுவே காரணம். அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

நேரத்தோடு கீழே ஓட்டிவந்தால் பல மாடுகள் பிழைத்துக்கொள்ளும். இந்தப் பலவீனம் கன்றுக்கும் போகக்கூடியது. அதனால் பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கும்முன், கழுத்துச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி நுரையீரல் தமனி அழுத்தத்தை அளந்துவிடுகிறார்கள். திபெத்தின் யாக்குகளுக்கு இந்தத் தொல்லை அரிது: அவற்றின் நுரையீரல் தமனிச் சுவர்கள் மெல்லியவை.