காட்டு உறவினர் காத்த பயிர்

நாம் தாளிக்க ஊற்றும் சூரியகாந்தி எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? 2022-ஆம் ஆண்டு உக்ரைனில் போர் மூண்டபோது எண்ணெய் விலை ஏறியதை இல்லத்தரசிகள் மறந்திருக்கமாட்டார்கள். நம் நாட்டில் செலவாகும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அயல்நாடுகளிலிருந்தே கப்பலேறி வருகிறது. ஆயினும் இச்செடியின் பிறப்பிடம் உக்ரைனும் அன்று, ரஷ்யாவும் அன்று. வட அமெரிக்கா ஆகும்.

சூரியகாந்தியில் ஏறத்தாழ 50 இனங்கள் உண்டு. அத்தனையும் வட அமெரிக்க மண்ணுக்கே உரியவை. காட்டுச் செடி பல கிளைகளில் சிறு பூக்களைத் தாங்கி நிற்கும். அங்குள்ள பூர்வகுடியினர் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே பருத்த விதைகளைத் தேர்ந்து விதைத்து, ஒரே தண்டில் ஒரே பெரும்பூ பூக்கும் பயிராக அதை மாற்றினர். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர்.

ஆகவே வேதாகம காலத்தில் அத்தேசங்களில் இம்மலர் இருந்ததில்லை. 'எருசலேம் ஆர்டிசோக்' எனப்படும் கிழங்கும் எருசலேமைச் சேர்ந்ததன்று. அதுவும் ஒரு சூரியகாந்தி இனமே. 1605-இல் பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பூர்வகுடியினரின் தோட்டங்களில் அதைக் கண்டார்.

ரஷ்யாவிலே சூரியகாந்தி எண்ணெய் வித்தாக உயர்ந்தது. புஸ்தவோயித் என்னும் அறிஞர் விதையிலுள்ள எண்ணெயின் அளவை ஏறக்குறைய 50 விழுக்காடு வரை உயர்த்தினார். ரஷ்ய இரகங்களே 1969-இல் எண்ணெய்ப் பயிராக இந்தியாவுக்கு வந்தன.

எனினும் எண்ணெயையும் பருமனையும் நாடியே தேர்ந்தெடுத்த பயிர், எதிர்ப்பாற்றலில் குன்றிப்போயிற்று. அவ்வாற்றலைக் காட்டு இனங்கள் காத்து வைத்திருந்தன. துரு நோயையும் அடிச்சாம்பல் நோயையும் எதிர்க்கும் பண்புகள் அவற்றிலிருந்தே பயிருக்குள் கொண்டுவரப்பட்டன. 1969-இல் பிரான்சு நாட்டு அறிஞர் லெக்லெர்க், காட்டு இனம் ஒன்றைப் பயிரோடு கலந்தபோது, மகரந்தம் உண்டாகாத செடி கிடைத்தது. அத்தகைய செடியைத் தாயாக வைத்தால் வீரிய ஒட்டு விதையைத் திரளாக உண்டாக்கலாம். உலகில் இன்று விதைக்கப்படும் வீரிய ஒட்டுகளில் மிகப்பெரும்பாலானவை அந்தக் காட்டுச் செடியின் வழிவந்தவை. இந்தியாவின் முதல் சூரியகாந்தி வீரிய ஒட்டான 'பி.எஸ்.எச்.-1' 1980-இல் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது.

உறவினர் யாவரும் நன்மையே செய்வர் என்பதற்கில்லை. சாமந்தி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றோடு பார்த்தீனியமும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1950-களில் புனேயில் காணப்பட்ட இக்களை, இன்று நம் நகரங்களின் வெற்று மனைகளையெல்லாம் நிரப்பியுள்ளது. 1997-இல் கர்நாடகத்தில் சூரியகாந்திப் பயிரைக் கருகச் செய்த வைரஸ் நோய்க்கு இதுவே புகலிடம். பார்த்தீனியத்தில் நோயின் அடையாளம் ஒன்றும் தெரிவதில்லை. அதன் மகரந்தத்தைச் சுமந்து செல்லும் இலைப்பேன்கள் வழியாக நோய் வயலுக்குள் நுழைகிறது. அதன்பின் பல உழவர்கள் சூரியகாந்தியைக் கைவிட்டனர். மலிவான இறக்குமதியும் அதற்கு ஒரு காரணமாயிற்று.

ஐதராபாத்திலுள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிறுவனம் காட்டுச் சூரியகாந்திகளைப் பேணி வளர்த்து, பயிரோடு கலந்து வருவதன் காரணம் இப்போது விளங்கும். அமெரிக்காவில் டெக்சாஸ், நியூ மெக்சிகோ மாநிலங்களின் உப்புச் சதுப்புகளில் ஓர் அரிய இனம் வளர்கிறது. உப்பைத் தாங்கும் பண்பை அதிலிருந்து பயிருக்குக் கொண்டுவந்துள்ளனர். நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டு அங்குள்ள ஊற்றுகள் வற்றி வருவதால், அழியும் அபாயத்திலுள்ள செடிகளின் பட்டியலில் அது 1999-இல் சேர்க்கப்பட்டது. அந்தத் தொலைதூர ஊற்று வற்றிப்போனால், நம் நாட்டின் உவர் நிலத்தில் விதைக்க நிற்கும் உழவனுக்கும் அது இழப்பே.