நகரசபையும் படக்கொட்டகையும்

ஓர் ஊரின் இயல்பை அறிய விரும்புவோன், அவ்வூர் மக்கள் எங்கெங்குக் கூடுகின்றனர் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். நம் நாஞ்சில் நாட்டிலே நெடுங்காலமாகக் கோயில் முற்றமும், ஆற்றுப் படித்துறையும், சந்தையும், வில்லுப்பாட்டு நிகழும் பந்தலும் மக்கள் கூடுமிடங்களாய் இருந்து வந்தன. இருபதாம் நூற்றாண்டிலே அவற்றோடு இன்னோரிடமும் சேர்ந்தது. அது சினிமாக் கொட்டகை. அங்கும் தரை, பெஞ்சு, நாற்காலி எனப் பல வகுப்புகள் இருந்தன என்பது மெய்யே. எனினும், வயலில் உழைத்தவனும், வழக்கறிஞரும், மாணாக்கரும், மீன் விற்ற மூதாட்டியும் ஒரே கூரையின் கீழ் ஒரே இருளில் அமர்ந்து, ஒரே இடத்தில் சிரித்து ஒரே இடத்தில் கண்ணீர் விட்டது அக்கொட்டகையிலேயாம்.

அத்தகைய கொட்டகை ஒன்றை, கலைகளுக்கும் பண்பாட்டிற்கும் உரியதென மதிக்கப்படும் ஒரு பகுதியிலே புதிதாய்க் கட்டவோ, பழையதை இடித்துப் புதுக்கவோ ஒருவர் முன்வந்தால், நகரசபை அதனை எவ்வாறு சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்? இவ்வினா வெறும் வாதத்திற்காக எழுப்பப்படுவதன்று. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியாக உயர்ந்தது. 52 வட்டங்களையுடைய இந்நகரிலே காலி நிலம் அரிதாகிறது. நிலத்தின் விலையோ ஏறுகிறது. ஆதலால், இது போன்ற விண்ணப்பங்கள் நம் ஊர் மன்றத்தின் மேசைக்கும் வரக்கூடியனவே. அப்பொழுது ஆராய்வதைக் காட்டிலும், வேறோர் நகரம் பட்டறிந்ததை இப்பொழுதே நாம் கற்றல் நலம்.

அந்நகரம் புது தில்லி. அங்கே சாணக்கியபுரி என்னும் பகுதியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் பல அகன்ற சாலைகளின் இருமருங்கும் அமைந்துள்ளன. அதன் நடுவே, புது தில்லி நகராட்சி மன்றம் தனக்குரிய நிலத்தில் ஒரு படமாளிகையை எழுப்பிற்று. 1970ஆம் ஆண்டளவில் திறக்கப்பட்ட அதற்குச் 'சாணக்கியா' என்று பெயர். பி. என். மாத்தூர் என்னும் சிற்பி வகுத்த கட்டடம் அது. பூச்சும் பூவேலையும் இன்றிக் கான்கிரீட்டின் வன்மையையே அழகாகக் காட்டும் அக்காலத்துப் புதுமுறையில் அஃது அமைந்தது. அகன்ற திரையும் ஆங்கிலப் படங்களும் இருந்தமையால், கல்லூரி மாணாக்கர் திரள்திரளாக அங்குச் செல்வது வழக்கமாயிற்று. தலைநகரில் ஒரு தலைமுறையினரின் இளமை நினைவுகளில் அக்கொட்டகைக்கு ஓர் இடம் உண்டு.

மன்றம் அக்கொட்டகையைத் தானே நடத்தவில்லை. ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்து நடத்துவித்தது. உரிமக் காலம் முடிந்தபின், பழைய ஒற்றைத் திரைக் கொட்டகையை நீக்கி, பல திரைகளும் கடைகளும் கொண்ட புதுக்கட்டடம் எழுப்பலாம் என்ற எண்ணம் மன்றத்திற்கு உண்டாயிற்று. ஏலமின்றித் தமக்கே மீண்டும் உரிமம் தருதல் வேண்டுமென அக்கம்பெனியார் வழக்காடினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007 ஆகஸ்டில் தீர்ப்பு வெளிவந்தது. உரிமத்தைப் புதுப்பிக்குமாறு கேட்கும் உரிமை கம்பெனிக்கு இல்லை என்றும், பொதுச் சொத்தை ஒரு பொது நிறுவனம் பிறர்க்கு விடும்பொழுது யாவரும் அறியப் போட்டிக்கு விட்டு நல்ல விலை பெறுதலே முறை என்றும் நீதிபதிகள் கூறினர். 1994ஆம் ஆண்டின் புது தில்லி நகராட்சி மன்றச் சட்டத்தின் 141ஆம் பிரிவும், நேர்மையான போட்டியிலே கிடைக்கத்தக்க மதிப்பிற்குக் குறைவாக மன்றத்தின் அசையாச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாதென விதிக்கிறது.

இதற்கிடையே, இக்கட்டடம் சுதந்திர இந்தியாவின் கட்டடக் கலைக்கு ஒரு சான்று, ஆதலின் இதனை இடித்தலாகாது என்று கட்டடக் கலைஞரும் மரபுக் காவலரும் முறையிட்டனர். அம்முறையீடு பலிக்கவில்லை. 2007 டிசம்பர் 27ஆம் நாள் கடைசிக் காட்சி நடைபெற்றது. மறு ஆண்டில் கட்டடம் இடிக்கப்பட்டது. 2017இல் அவ்விடத்தே ஆடம்பரக் கடைத் தொகுதி ஒன்று திறக்கப்பட்டது. அதனுள்ளும் படத்திரைகள் உண்டு. பழைய பெயரும் உண்டு. ஆயினும் அன்று அங்கே சென்றுவந்த மாணாக்கன் இன்று அக்கடைவாயிலில் நின்று, உள்ளே செல்லலாமோ என்று ஒரு முறை தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டியவனாகிறான்.

இந்நிகழ்ச்சியில் குற்றவாளி யார்? நடுநிலையோடு நோக்கின், நீதிமன்றம் கூறியது நியாயமே. பொதுச் சொத்தைக் குறைந்த விலைக்கு வேண்டியவர் கையில் ஒப்படைப்பதால் நாட்டிற்கு விளைந்த தீங்கு கொஞ்சமன்று. மன்றத்தையும் முற்றிலும் குறைகூற இயலாது; அது சட்டத்தின்படி விலையைத் தேடிற்று. அங்ஙனமாயின் பிழை எங்கே நேர்ந்தது? நாம் கருதுமளவில், பிழை நேர்ந்தது விலையில் அன்று. விலை பேசுமுன் வகுக்க வேண்டிய நிபந்தனையில்.

இதனைச் சற்று விளக்குவோம். ஒருவன் தன் தென்னந்தோப்பைப் பாட்டத்திற்கு விடுகிறான் என்க. 'மரத்தை வெட்டலாகாது, கிணற்றைத் தூர்க்கலாகாது' என்று முதலிலேயே சொல்லிப் பாட்டம் விட்டால், அந்நிபந்தனைக்கு உட்பட்டு அதிகத் தொகை கேட்பவனுக்குத் தோப்புச் சேரும். விலையும் நேர்மையான விலையே. தோப்பும் தோப்பாகவே நிற்கும். நிபந்தனை ஒன்றும் கூறாமல் விட்டுவிட்டு, மரம் விழும் ஓசை கேட்டபின் ஓடிவந்து கதறுவதனால் ஆவதென்ன? பொதுச் சொத்தின் செய்தியும் இதுவே. பழைய மண்டபம் நிற்றல் வேண்டும், இத்தனை இருக்கைகள் எளியோர்க்கு உரிய கட்டணத்தில் இருத்தல் வேண்டும், ஆண்டில் இத்தனை நாள் நாடகத்திற்கும் இசைக்கும் மேடை விடப்படல் வேண்டும் என்று போட்டி அறிவிப்பிலேயே எழுதிவிட்டால், அதற்குப் பின் வரும் அதிக விலையே அச்சொத்தின் நேர்மையான விலையாகும். ஆகவே நகரசபை உண்மையில் முடிவு செய்யும் நாள், ஏலம் முடியும் நாளன்று. அறிவிப்பின் வாசகம் எழுதப்படும் நாளேயாம். குடிமக்கள் விழித்திருக்க வேண்டிய நாளும் அதுவே.

புது தில்லி நகராட்சி மன்றம் வாக்காளர் வட்டந்தோறும் தேர்ந்தெடுத்த சபையன்று என்பதையும் இங்கே நினைவு கூர்தல் தகும். அதன் தலைவர் அரசினரால் நியமிக்கப்படுபவர். நம் ஊர்களிலோ வட்ட உறுப்பினர் நம் வாக்கினால் அமர்பவர். ஆதலின் அறிவிப்பின் வாசகத்தைக் கேட்டறியும் வாய்ப்பு நமக்கு மிகுதி. அதனைப் பயன்படுத்தாவிடில் குற்றமும் நமக்கே மிகுதி.

இரண்டாவதாக எண்ணத்தக்கது, ஒரு கட்டடம் எப்பொழுது 'பழமை'யாகிறது என்பது. தில்லியிலே 1947க்குப் பின் எழுந்த சிறந்த கட்டடங்கள் 62இன் பட்டியலை இன்டாக் என்னும் மரபுக் காப்பு நிறுவனம் 2013இல் அளித்தது. அறுபது ஆண்டு நிரம்பாதவற்றை மரபுச் சின்னமாகக் கருதுவதற்கில்லை என்று அங்குள்ள குழுவினர் கொண்டனர். விளைவு யாது? ராஜ் ரேவால் வகுத்து 1972இல் எழுந்த நாடுகளின் மண்டபம் 2017 ஏப்ரலில் ஓரிரவில் தரைமட்டமாயிற்று. அறுபதாண்டு வாழ்ந்தாலன்றிப் பாதுகாப்பில்லை; பாதுகாப்பின்றேல் அறுபதாண்டு வாழ்தலும் அரிது. இம்முரண்பாட்டை நாம் உணர்தல் வேண்டும்.

பம்பாய் நகரம் இதற்கு மாறான வழியைக் காட்டுகிறது. அங்கு 1995லேயே மரபுக் கட்டடங்களுக்கெனத் தனி விதிகள் ஏற்பட்டன. 1933இல் எழுந்த ரீகல், 1938இல் எழுந்த ஈராஸ் ஆகிய இரு படமாளிகைகளும் அடங்கிய விக்டோரியா காலத்து, ஆர்ட் டெக்கோ காலத்துக் கட்டடத் தொகுதியை 2018இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகள் மூடிக் கிடந்த ஈராஸ், புறத்தோற்றம் மாறாமல் உள்ளே புதுக்கப்பெற்று 2024இல் மீண்டும் திறந்தது. அதன் பகுதிகள் சில கடைகளாயின என்பது உண்மையே. முகமும் திரையும் நின்றன. பண்பாட்டுப் பகுதிக்குச் சினிமா பகை என்று பொதுவாகக் கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. ஒரு காலத்தில் புதுமை என்று ஐயுறப்பட்ட கொட்டகையே பிறிதொரு காலத்தில் பண்பாட்டின் அங்கமாகிறது. சென்னையிலே 1913இல் வார்விக் மேஜர் என்பவர் தொடங்கிய எலக்டிரிக் தியேட்டர் சில ஆண்டுகளே நடந்தும், மவுண்டு ரோடு தபால் நிலைய வளாகத்தில் அக்கட்டடம் இன்றும் காக்கப்பட்டு வருகிறது.

தனியார் நிலமாயின் நிலைமை வேறு. மதுரையில் 1952இல் தொடங்கிய தங்கம் தியேட்டர் 2,500க்கு மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டு, ஆசியாவிலேயே பெரிய கொட்டகைகளுள் ஒன்றெனப் புகழ்பெற்றிருந்தது. இன்று அவ்விடத்தில் துணிக்கடை நிற்கிறது. உடைமையாளர் தம் உடைமையை விற்றதற்கு அவரை நோவதற்கில்லை. தனியார் நிலத்தில் நகரசபை செய்யக்கூடியது அளவும் ஒழுங்கும் வகுத்தலே. அதே மதுரையில், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் எல்லைக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் உயரலாகாதென 1997இல் அரசு ஆணை பிறந்தது. கோபுரம் தெரிய வேண்டும் என்னும் ஒரு பொது விருப்பம், ஒரு சிறிய எண்ணாக, எவரும் அளந்து பார்க்கத்தக்க விதியாக மாறியதை இங்கே காண்கிறோம். விருப்பம் விதியாகாதவரை, அது வெறும் பெருமூச்சே.

இனி நம் ஊர்க்கு வருவோம். தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குச் சட்டத்தின்படி மாவட்டங்களில் கொட்டகைக்கு உரிமம் வழங்குபவர் ஆட்சியர். மக்கள் எண்ணுவது போல எல்லாம் நகரசபையின் கையில் இல்லை. எனினும் சபைக்கு மூன்று முகங்கள் உண்டு. நிலம் சபையினுடையதாயின் அது நிலக்கிழார். கட்டட வரைபடம் வரும்பொழுது அது காவலர். 2017 முதல் கேளிக்கை வரி உள்ளாட்சிகளுக்கே சேர்வதால், அது வரி பெறுபவருமாம். காவலர் ஐயுறுவதை வரி பெறுபவர் விரும்பக்கூடும். இம்மூன்று முகங்களும் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்க, எந்த ஆதாயத்திற்காக எந்த அனுமதி தரப்படுகிறது என்பதைச் சபை வெளிப்படையாக எழுதிவைத்தல் வேண்டும்.

நிலம் யாருடையது என்பது நம் மாவட்டத்தில் எளிய வினாவும் அன்று. பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனையோ இன்றளவும் கேரள அரசின் தொல்பொருள் துறையின் பொறுப்பில் உள்ளது. சுற்றியுள்ள தெருக்கள் நம் நகராட்சியின்பால் உள்ளன. அத்தெருவில் ஒரு பெருங்கட்டடம் எழுமாயின், அரண்மனைக் காவலர் ஓர் அரசினர், அனுமதி தருவோர் வேறோர் அரசினர். இவ்விருவரும் முன்கூட்டியே கலந்து பேசும் வழக்கம் இருந்தாலன்றி, இருவரும் தத்தம் கடமையைச் செய்தும் ஊர் இழப்புறும்.

சுசீந்திரத்துத் தேர்வீதியையும், நாகராஜா கோயிலைச் சுற்றிய தெருக்களையும், கோட்டாற்றுக் கடைவீதியையும் அறிந்தோர்க்கு இன்னொன்றும் சொல்ல வேண்டுவதில்லை. அங்கெல்லாம் தெருவின் அகலமே முதல் நீதிபதி. காட்சி விடும் நேரத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒருசேரப் புறப்படுமாயின், தேரும் நகராது, நோயாளியை ஏற்றிய வண்டியும் நகராது. நிறுத்துமிடமும் தீத்தடுப்பு வழியும் இல்லாத விண்ணப்பத்தை, அதன் முகப்பு எத்துணை அழகியதாயினும், சபை திருப்பி அனுப்புதலே தக்கது.

ஆயினும், 'வேண்டாம்' என்று சொல்வது மட்டும் பண்பாட்டைக் காத்தல் ஆகாது. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலும் நாடகத்திலும் பயின்று, அங்கிருந்து திரைக்குச் சென்றவர். அவருக்கு மேடை வேறு, திரை வேறு என்ற பகை இருந்ததில்லை; திரையிற் பெற்ற புகழைக் கொண்டு மேடைக் கலையையும் வாழவைத்தார். நம் மாநகராட்சி அலுவலகக் கட்டடத்திற்கு அவர் பெயரையே இட்டிருக்கிறோம். பெயரிடுதல் எளிது. ஓர் ஏழைச் சிறுவன் தன் கைக்காசைக் கொடுத்து ஒரு நாடகத்தையோ நல்ல படத்தையோ காண்பதற்கு ஊரின் நடுவே ஓர் இடம் உண்டா என்று கேட்பதே அரிது. அக்கேள்விக்கு விடையளிப்பதே அப்பெயருக்குச் செய்யும் மரியாதை. பழைய கொட்டகைகள் பல கலியாண மண்டபங்களும் கடைகளுமாகிவிட்ட இந்நாளில், அவ்விடம் தானே உண்டாகும் என்று நாம் இருத்தலாகாது.

ஆகவே, மாணவ நண்பர்களே, இத்தகைய விண்ணப்பம் ஒன்று நம் ஊரில் எழும் நாளில் நாம் கேட்க வேண்டியவை இவையே: நிலம் யாருடையது? இப்பொழுது அங்கிருப்பது யாது? நிபந்தனைகள் விலைக்கு முன் எழுதப்பட்டனவா, பின் எழுதப்பட்டனவா? தெரு தாங்குமா? நுழைவுச் சீட்டை வாங்க வல்லவர் யார்? இவ்வைந்திற்கும் நேரிய விடை கிடைக்குமாயின், வருவது கொட்டகையாயினும் கலைக்கூடமாயினும் அதனை மகிழ்ந்து வரவேற்போம். விடை கிடையாவிடில், பொறுமையோடும் மரியாதையோடும் மீண்டும் கேட்போம். சாணக்கியாவின் கடைசிக் காட்சிக்குக் கண்ணீரோடு கூடியவர் பலர். அதன் அறிவிப்பு எழுதப்பட்ட நாளில் அவர்கள் கூடியிருந்தால் அக்கண்ணீர் வேண்டியிராது. கடைசிக் காட்சிக்குச் செல்லும் கூட்டத்தில் நாம் ஒருவராய் இராமல், முதல் அறிவிப்பைப் படிக்கும் சிலருள் ஒருவராய் இருப்போமாக.