சந்தேகம் கேட்பதும் ஒரு வேலைதான்!



குரூப் ஸ்டடி என்ற பெயரில் நாம் செய்வது என்ன? கணக்கு நன்றாக வரும் ஒருவன் நடுவில் உட்கார்ந்து போட்டுக்கொண்டே போவான். சுற்றி இருக்கும் ஆறு பேர் "ம்... ம்..." என்று தலையாட்டுவோம். பரீட்சையில் போட்டவன் பாஸ், தலையாட்டியவனுக்கு அரியர்! முதல் வருடக் கணக்கு அரியரோடு படிப்பையே விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள் எல்லா செட்டிலும் உண்டு. வீட்டில் சொல்லித்தர ஆள் இருந்தால் சமாளிக்கலாம். என் அப்பா கடலூர் முதுநகர் மீன் ஏலத்தில் எவ்வளவு பெரிய கணக்கையும் மனசுக்குள்ளேயே போட்டுவிடுவார். ஆனால் டிட்டர்மினன்ட் பற்றி அவரிடம் கேட்க முடியுமா? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் போன்றவர்களுக்கு வகுப்புத் தோழர்களை விட்டால் வேறு டியூஷன் கிடையாது.

இதற்கு ஒரு வழி, கணக்கு ஆசிரியர்களை உருவாக்கும் இடத்திலேயே இருக்கிறது. எங்கள் தெரு அக்கா ஒருவர் சிதம்பரத்தில் பி.எட். படிக்கிறார். பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் வரும்வரை அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி. 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பயிற்சி மாணவர்களில் ஒருவர் டீச்சர். மற்றவர்கள் பள்ளிப் பிள்ளைகள். ஓரிருவர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். நம் நாட்டு முறைப்படி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் குறைநிறை பேசுவது, 12 நிமிடம் பாடத்தைத் திருத்துவது, மறுபடி 6 நிமிடம் பாடம், அதன்பின் 6 நிமிடம் பேச்சு. ஆக மொத்தம் 36 நிமிடம். பிறகு ஆள் மாறும்.

இதில் என்னைக் கவர்ந்தது டீச்சர் வேஷம் அல்ல, பிள்ளை வேஷம்தான். அரையைக் காலால் வகுத்தால் விடை 2. "திருப்பிப் போட்டுப் பெருக்கு" என்று நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் பத்து வயதுப் பிள்ளை என்ன கேட்கும்? "வகுத்தா குறையணும்தானே டீச்சர், இது ஏன் கூடுது?" பிள்ளை வேஷக்காரர் இதைக் கேட்டே ஆகவேண்டும். டீச்சராக நிற்பவர் உடனே விடை சொல்லக்கூடாது, கேள்வியை இன்னொரு 'பிள்ளை'யிடம் தள்ளிவிட வேண்டும். "அரை லிட்டர் பாலில் கால் லிட்டர் டம்ளர் எத்தனை ரொம்பும்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "அரையை மூணால வகுத்தா குறையுதே!" என்பார் மற்றொருவர். அப்படியானால் எப்போது கூடும், எப்போது குறையும்? வகுக்கும் எண் ஒன்றைவிடச் சின்னதா பெரியதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இதிலும் ஏமாற்று வேலை உண்டு. முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு சுலபமான கேள்வியாகக் கேட்பதும் நடக்குமாம்! அப்படிச் செய்தால் 36 நிமிடமும் வீண்.

மாணவனே முன்னால் நிற்பது நம் ஊருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தார். எண்சுவடியை ஒருவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் ஆசிரியர்கள் அதற்கு ஒத்துவராததால் எட்டு வயதுப் பையன் ஒருவனையே சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-இல் இதைப் புத்தகமாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தில் உருவான 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் நடக்கிறது!

ஆனால் சட்டாம்பிள்ளையின் வேலை சொல்லவைப்பதுதான். கூட்டமாகச் சொல்லும்போது புரியாதவன் குரலும் அதிலேயே கலந்துவிடும், நம் "ம்... ம்..." மாதிரி. பயிற்சி வகுப்பில் புரியாதவனுக்கென்று தனி இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். வகுப்பில் எழுந்து "சார், புரியலை" என்று சொல்ல நமக்குக் கூச்சம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே! அதுவே கொடுத்த வேலை என்றால் யார் சிரிப்பார்கள்?

நாமும் செய்து பார்ப்போம். ஐந்து பேர் போதும். சாக்பீஸ் பிடிப்பவர் விடை சொல்லக்கூடாது, "ஏன்?" என்று மட்டும் கேட்கலாம். ஒருவர் சந்தேகக்காரர், மூன்று சந்தேகமாவது கேட்காமல் எழுந்து போகக்கூடாது. ஒருவர் வாட்ச் பார்க்கட்டும். மற்ற இருவர் போடுபவர்கள். நன்றாக வருபவனுக்கு சாக்பீஸ் கொடுத்தால் அவனுக்குத்தான் கஷ்டம், வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும்! கணக்குக்கொரு தடவை வேலை மாறவேண்டும். இல்லாவிட்டால் பழையபடி ஒருவனே பேசுவான்.

முதல் கணக்காக இதை எடுக்கலாம். டிட்டர்மினன்ட்டில் இரண்டு வரிசைகளை இடம் மாற்றினால் குறி மாறும் என்று எழுதி மார்க் வாங்குகிறோம். மேல் வரிசை 2, 3, கீழ் வரிசை 4, 5 என்றால் மதிப்பு 10 − 12 = −2. வரிசையை மாற்றினால் 12 − 10 = 2. சரி, ஏன் அப்படி? எண்ணுக்குப் பதில் எழுத்து போட்டாலும் மாறுமா? மூன்று வரிசை இருந்தால்?

அடுத்த செமஸ்டர் முதல் சனிக்கிழமை சீட்டுக் குலுக்கிப் போடுவோம். மூன்றாம் ஆண்டு அண்ணன்களும் அக்காக்களும் தாராளமாக வரலாம். ஆனால் அவர்களுக்குச் சந்தேகக்காரர் வேலைதான்!