சீரியம் எந்த நிலையில் இருக்கிறது?

பாறசாலை, நெய்யாற்றங்கரை எல்லை ஊர்களிலிருந்து களியக்காவிளையைத் தாண்டித் தென்கிழக்கே போனால் மணவாளக்குறிச்சிக் கடற்கரை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தார்; அதன் பிறகு உலகம் தேடிவந்த கரை இது. மோனசைட் என்றாலே பேச்சு தோரியத்துக்குப் போய்விடுகிறது. அதில் தோரியத்தைவிட மிகுதியாக இருப்பது சீரியம். அது எவ்வளவு என்பதைச் சாதாரண ரசாயனப் பகுப்பாய்வே சொல்லிவிடும். ஆனால் சீரியத்தின் பயன் அளவைவிட அதன் நிலையைப் பொறுத்தது. மோனசைட்டில் அது மூன்று எலக்ட்ரான்களை இழந்து பாஸ்பேட்டாக இருக்கிறது. பிரித்தெடுத்துக் காற்றில் சுட்டால் நான்கை இழந்த ஆக்சைடாகிறது. கார்ப் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியில் இந்த இரு நிலைகளுக்கிடையே மாறி மாறித்தான் அது ஆக்சிஜனை வாங்கிக் கொடுக்கிறது. நிலையைப் படிக்க ஒரு வழி ஒளி எலக்ட்ரான் நிறமாலையியல்.

வெற்றிடத்தில் வைத்த மாதிரியின்மீது ஆற்றல் தெரிந்த எக்ஸ் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். அலுமினியக் கதிர் என்றால் 1486.6 எலக்ட்ரான் வோல்ட். தெறித்து வரும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றலை அதிலிருந்து கழித்தால், கருவிக்கான சிறு திருத்தம் போக, அது அணுவில் எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்தது என்பது கிடைக்கும். அடிப்படை, ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னதுதான். அதை வேதியியல் கருவியாக்கிய ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த காய் சீக்பான் 1981இல் நோபல் பரிசு பெற்றார். பிணைப்பு ஆற்றல் தனிமத்தின் பெயரைச் சொல்கிறது. அதன் சிறு நகர்வு அண்டை அணுக்களோடு உள்ள உறவைச் சொல்கிறது. சோடியம் தயோசல்பேட்டின் இரு கந்தக அணுக்களும் தனித்தனி உச்சிகளாக வருவது இதனால்தான். சீரியத்திலோ 917 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஓர் உச்சி நான்கை இழந்த நிலையில் மட்டுமே எழும்.

பத்து நானோமீட்டருக்குக் கீழே இருப்பதை இந்த முறை பார்ப்பதில்லையே என்பார்கள். உண்மை, மணல்மணியின் உட்பகுதியை அறிய இது உதவாது. வினையூக்கியில் வாயுக்கள் சந்திப்பது அந்த மேல்தோலைத்தான் என்பதால் அங்கே இந்தக் குறையே தகுதியாகிவிடுகிறது. ஆழம் தேவையானால் இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் கிடைப்பதுபோன்ற வீரியமிக்க எக்ஸ் கதிர் இருக்கிறது. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் வேறொன்று: வெற்றிடமும் எக்ஸ் கதிருமே ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து, நான்கை மூன்றாக்கிவிடுகின்றன. அளக்கும் செயலே அளப்பதை மாற்றுகிறது. இதற்கு முழுப் பதில் கிடையாது. குறைந்த கதிர், குறுகிய நேரம், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அளப்பது ஆகியவை மாற்றத்தின் வேகத்தையாவது காட்டும். சீரியத்தின் இரு நிலைகளின் விகிதத்தைத் தசமப் புள்ளியோடு அச்சிட்டு, எவ்வளவு நேரம் கதிர் பட்டது என்பதை எழுதாத ஆய்வறிக்கையை நான் நம்பமாட்டேன்.