ஏழடி அகலத்தில் ஒரு கோடைக்காலம்

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் சமையலறையைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில் கிடந்த ஒரு நேரோபோட்டின் (ஒடுக்கமான கால்வாய்ப் படகு) சமையலறைப் பித்தளை விளக்கில் மயங்கிவிட்டேன். அகலம் ஏழடிக்குள்தான், பழைய கால்வாய்களின் மதகுகள் பலவும் ஏழடி என்பதால் படகும் ஒல்லிக்குச்சி.

கரையேற்றிப் பாசியைச் சுரண்டியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. ஒலியலைக் கருவியை வைத்து அளந்தவர், 6 மி.மீ. அடித்தகடு ஓரிடத்தில் 3.5 ஆகத் தேய்ந்திருப்பதைக் காட்டினார். 4 மி.மீ.க்குக் குறைந்தால் காப்பீட்டுக்காரர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை! மேலே புதுத்தகடு பற்றவைத்து, கறுப்புத் தார்ப்பூச்சு மூன்று முறை அடித்தோம். பக்கவாட்டில் மெக்னீசியக் கட்டிகள்: துரு இரும்பை விட்டுவிட்டு முதலில் அவற்றைத் தின்னும். கடலென்றால் துத்தநாகம்; நன்னீருக்கு மெக்னீசியம்தான்.

உள்ளே பெயின்ட், மெத்தை எல்லாம் ஒரு வாரத்து வேலை. எரிவாயுக் குழாய்களில் மட்டும் நான் கை வைக்கவில்லை. 4 ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். மூடிய படகில் அந்த வாயு மணமின்றிக் கொல்லும்.

சொந்தத் துறை இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. கழிப்பறைத் தொட்டியையும் நாமேதான் சுமந்து போய்க் கொட்ட வேண்டும்.

நீங்கள் வாங்குவதானால், அடித்தகட்டை அளக்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.